தென்னை ஏன் துளிர்ப்பதில்லை?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அது உள்ளே புகுந்து போன வழியில்தான் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் எல்லாம் இருந்தன. பேராவூரணிக்குப் பக்கத்தில் என் தாய்மாமாவுக்கும் சின்னதாக ஒரு தோப்பு உண்டு.

மூன்று மாதம் கழித்து, தை முடிகிற நேரத்தில் அங்கே போயிருந்தேன். பாதி தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. இருபது மரங்களுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், கழுத்தில் ஒடிந்து, தலையில்லாமல் கம்பம் கம்பமாக நின்றன. வேலி ஓரத்தில் இருந்த பூவரசும் வேம்பும்கூட ஒடிந்தவைதான். ஆனால் அவை ஒடிந்த இடத்துக்குக் கீழே கொத்துக் கொத்தாகத் துளிர்விட்டிருந்தன.

மாமா கேட்டார்: "வேம்பப் பாரு, பூவரசப் பாரு, ஒடிஞ்ச எடமெல்லாம் துளுக்குது. இந்தத் தென்ன மட்டும் ஏன் மாப்ள இப்புடி மொட்டையாவே நிக்கிது? இன்னும் கொஞ்ச நாள் விட்டா துளுக்குமா?"

"தென்னை ஒருவித்திலைத் தாவரம் மாமா, அதான்" என்றேன்.

"அப்புடின்னா?"

எனக்குப் பதில் வரவில்லை. கல்லூரியில் ஐந்து மார்க்குக்கு எழுதின வித்தியாசப் பட்டியல்தான் ஞாபகத்துக்கு வந்தது. இதற்கு ஆணிவேர், அதற்குச் சல்லிவேர். இதற்கு வலைப்பின்னல் நரம்பு, அதற்கு இணைப்போக்கு நரம்பு. பட்டியல் முழுக்கச் சரி. ஆனால் மாமா கேட்ட கேள்விக்கு அதில் எந்த வரியிலும் பதில் இல்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. துளிர்த்தாலும் துளிர்க்கும் என்று அந்தக் கம்பங்களை அப்படியே விட்டுவைத்தார். அதனால் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதிவைக்கிறேன்.

செடி எங்கே வளர்கிறது?

குழந்தை வளரும்போது கை, கால், முதுகு என்று உடம்பு முழுக்க வளர்கிறது. செடி அப்படி வளர்வதில்லை. அதன் உடம்பில் சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் புதுச் செல்கள் உண்டாகின்றன. பள்ளிக்கூட நாளில் வேப்பமரத்தில் நெஞ்சு உயரத்தில் பெயர் செதுக்கியிருந்தால், மரம் இரண்டு மடங்கு உயர்ந்த பிறகும் பெயர் அதே உயரத்தில்தான் இருக்கும். எழுத்துகள் பக்கவாட்டில் விரிந்திருக்குமே தவிர மேலே ஏறியிருக்காது. செல்கள் உண்டாகிற அந்த இடங்களைப் பாடப்புத்தகம் ஆக்குத்திசு என்று சொல்கிறது.

வேம்பை எடுத்துக்கொள்வோம். அதற்கு அப்படி மூன்று வகை இடங்கள் உண்டு.

ஒன்று, நுனி. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒவ்வொரு வேரின் நுனியிலும் இருக்கிறது. நீளமாவது இங்கேதான்.

இரண்டு, இலைக்கக்கம். இலைக்காம்பு தண்டோடு சேர்கிற மூலையில் ஒரு மொட்டு இருக்கும். நுனி நன்றாக இருக்கிறவரை இதில் பலவும் தூங்கிக்கொண்டிருக்கும். நுனி போய்விட்டால் விழித்துக்கொள்ளும். பட்டைக்கு அடியில் வருஷக்கணக்கில் தூங்குகிற மொட்டுகளும் உண்டு. முருங்கையையும் செம்பருத்தியையும் நுனி கிள்ளிவிட்டுப் பக்கக்கிளை வரவைக்கிறோமே, இந்த மொட்டுகளை எழுப்புகிற வேலைதான் அது.

மூன்று, கேம்பியம். மரக்கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே, அடியிலிருந்து நுனிக்கிளைவரை மரத்தைச் சுற்றிப் போர்த்திய மெல்லிய உறை. பச்சை வேப்பங்குச்சியின் பட்டையை உரித்தால் கையில் வழவழவென்று ஒரு ஈரம் தட்டுப்படும், அந்த இடம்தான். இது உள்பக்கமாகக் கட்டையை உண்டாக்குகிறது. அதன் பெயர் சைலம், தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்கள் இதில் இருக்கின்றன. வெளிப்பக்கமாக ஃபுளோயத்தை உண்டாக்குகிறது. இலை சமைத்த உணவு அதன் வழியாகத்தான் கீழே இறங்கும். மரம் வருஷா வருஷம் பருப்பது இந்த உறையால்தான்.

நம் ஊர்த் தோட்டக்காரர்கள் செய்கிற பல வேலைகளுக்கு இந்த உறைதான் ஆதாரம். மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை எடுத்தால் மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், ஏனென்றால் வேருக்குச் சாப்பாடு போகிற வழி அறுந்துவிட்டது. அதையே கொய்யாவின் ஒரு சின்னக் கிளையில் செய்து மண்ணோ தென்னைநார்க் கழிவோ வைத்துக் கட்டினால் அது பதியம். கீழே இறங்க முடியாத உணவு அங்கேயே தேங்கி வேர் பிடிக்கிறது. மாங்கன்றில் ஒட்டுக்கட்டும்போது இரண்டு குச்சிகளின் கேம்பியமும் ஒன்றோடொன்று படிய வேண்டும். வேலிக்கம்பி கட்டின பூவரசு சில வருஷத்தில் கம்பியை விழுங்கிவிடுவதும் இதனால்தான்.

ஆக, வேம்பு ஒடிந்தால் அதனிடம் கையிருப்பு இருக்கிறது. நூற்றுக்கணக்கான தூங்கும் மொட்டுகளும், அடிமரம் முழுக்கப் போர்த்திய கேம்பியமும் இருக்கின்றன. துளிர்ப்பதில் ஆச்சரியமே இல்லை.

தென்னையின் கையிருப்பு

இப்போது இதே மூன்றையும் தென்னையில் தேடிப் பார்க்கலாம்.

நுனி ஒன்றே ஒன்று. மட்டைகளின் அடிகள் ஒன்றையொன்று சுற்றி மூடிய கொண்டைக்குள்ளே அது பத்திரமாக இருக்கிறது. வெட்டிச் சாய்த்த தென்னையில் வெள்ளையாக, இனிப்பாக எடுத்துத் தின்கிறோமே குருத்து, அதன் மையத்தில் இருக்கிற சின்னப் புள்ளிதான் அந்த மரத்தின் மொத்த வளர்ச்சியும்.

இலைக்கக்கத்தில் மொட்டு உண்டா? உண்டு. ஆனால் காய்ப்புக்கு வந்த தென்னையில் அது தூங்கிக்கொண்டிருக்காது. அதுதான் பாளையாக வருகிறது. ஒவ்வொரு மட்டைக்கும் ஒரு பாளை என்பது இதன் கணக்கு. கிளையாகக்கூடிய மொட்டுகளையெல்லாம் தென்னை காய்ப்புக்கே செலவு செய்துவிடுகிறது. ஆபத்துக்கு உதவும் என்று எதையும் ஒதுக்கிவைப்பதில்லை.

கேம்பியம் இல்லவே இல்லை. தண்ணீர்க் குழாயும் உணவுக் குழாயும் சேர்ந்த கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. உரிப்பதற்குத் தனியாகப் பட்டையும் கிடையாது. அதனால் தென்னையைச் சுற்றி வளையமாகச் செதுக்கினாலும் அது வேம்பு மாதிரிச் சாகாது. தென்னையில் ஒட்டுக்கட்டவும் முடியாது. ஏறுவதற்கு வெட்டின படி காலத்துக்கும் அப்படியே இருக்கும், தசை வளர்ந்து மூடாது.

மூன்று இடங்களில் இரண்டு இல்லை. மிச்சமிருந்த ஒன்றைக் காற்று ஒடித்துக் கொண்டுபோய்விட்டது. அவ்வளவுதான். மாமாவின் கேள்விக்குப் பதில் இதுதான்.

பப்பாளியோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். தூரத்திலிருந்து பார்த்தால் பப்பாளியும் தென்னை மாதிரிதான், கிளையில்லாத ஒற்றைத் தண்டு, உச்சியில் இலைக்கொண்டை. ஆனால் பப்பாளியின் தலையை ஒடித்துப் பாருங்கள், பக்கத்தில் கிளை விடும். உருவம் ஒன்று போல இருந்தாலும் உள்ளே இருக்கும் ஏற்பாடு வேறு.

கேம்பியம் இல்லாமல் தென்னை எப்படிப் பருமனாகிறது என்று கேட்கலாம். அது முதலில் பருமனாகிவிட்டுத்தான் உயர்கிறது. நட்டுச் சில வருஷம்வரை தென்னம்பிள்ளைக்குத் தண்டே தெரியாது, மட்டைகள் தரையிலிருந்து கிளம்புகிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் அதன் நுனி மண்மட்டத்திலேயே இருந்துகொண்டு அகலமாகிறது. போதுமான அகலம் வந்த பிறகுதான் மேலே கிளம்பும். ஒரு உயரத்தில் தண்டு என்ன பருமனில் அமைந்ததோ பெரும்பாலும் அதுவேதான் கடைசிவரை. சில தென்னைகளில் நடுவே இடுப்பு ஒடுங்கின மாதிரி இருக்குமே, மரம் அந்த உயரத்தில் இருந்தபோது வறட்சியோ சத்துக்குறைவோ வந்திருக்கும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் அந்த ஒடுக்கம் மாறாது.

வயதைக் கணக்கிடும் வழியும் இதனால் மாறுகிறது. ஆண்டு வளையம் கேம்பியத்தின் வேலை, ஆகவே தென்னையை அறுத்தால் வளையம் இருக்காது. ஆனால் நன்றாக வளரும் நெட்டைத் தென்னை வருஷத்துக்குச் சுமார் 12 மட்டை விடும். ஒவ்வொன்றும் விழும்போது தண்டில் ஒரு தழும்பு. தழும்புகளை எண்ணி 12ஆல் வகுத்து, தண்டு தெரியாத ஆரம்ப வருஷங்களைக் கூட்டினால் உத்தேசமான வயது வரும்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு இதுதான் பெரிய வியப்பு. வேம்பு புதுக் குழாய்களைச் சேர்த்துக்கொண்டே போகிறது, பழையவை அடைபட்டுப் போனாலும் கவலையில்லை. தென்னைக்கு மாற்றுக் குழாய் கிடையாது. 60 வருஷத் தென்னையின் அடித்தண்டில் இன்று ஓடும் தண்ணீரும் சர்க்கரையும், அது சின்னப் பிள்ளையாக இருந்தபோது போட்ட அதே குழாய்கள் வழியாகத்தான் ஓடுகின்றன. உணவு போகும் செல்கள் உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும். அப்படியானால் அந்தச் செல்களும் அத்தனை வருஷம் உயிரோடு இருந்திருக்கின்றன.

நுனியை எங்கே வைப்பது?

புல், வாழை, மூங்கில், பேரீச்சை எல்லாம் தென்னையின் கூட்டம்தான், கேம்பியம் இல்லாதவை. ஆனால் எல்லாம் தென்னை மாதிரித் தலையைக் கொடுத்துவிட்டுச் சாவதில்லை. வித்தியாசம், நுனியை எங்கே வைத்திருக்கின்றன என்பதில்தான்.

அருகம்புல்லை மாடு மேய்ந்துவிட்டுப் போகிறது, மறுபடி வளர்கிறது. அதன் வளரும் இடங்கள் மண்ணை ஒட்டி, மாட்டின் பல்லுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கின்றன. புல்லிலை நுனியில் வளர்வதில்லை, அடியிலிருந்து மேலே தள்ளப்படுகிறது.

வாழையில் நாம் மரம் என்று நினைப்பது மட்டைகள் சுற்றிய சுருள். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கிற கிழங்கு. இளம் வாழையை இடுப்பளவில் வெட்டிவிட்டு மறுநாள் பாருங்கள், வெட்டின வட்டத்தின் நடுவிலிருந்து புது இலை கொஞ்சம் மேலே வந்து நிற்கும். நாம் பொரியல் செய்கிற வாழைத்தண்டு, பூ வரும் பருவத்தில் கிழங்கிலிருந்து கிளம்பிச் சுருளின் நடுவே ஏறும் தண்டு. தார் போட்டுவிட்டால் அதன் வேலை முடிந்தது, பக்கக்கன்றுகள் தொடரும்.

மூங்கிலும் பேரீச்சையும் அடியில் கன்று விடும். தாளிப்பனை இன்னும் ஒரு படி துணிச்சல்காரி. பல பத்தாண்டுகள் வளர்ந்து, கடைசியில் தன் ஒரே நுனியையே பிரம்மாண்டமான பூங்கொத்தாக மாற்றிவிடும். காய்த்து முடிந்ததும் மரம் பட்டுப்போகும்.

வைரம் எந்தப் பக்கம்?

இந்த வித்தியாசம் தச்சருக்குத் தெரியும். தேக்கு வாங்கும்போது ஓரத்து வெள்ளையை ஒதுக்கிவிட்டு நடுவில் இருக்கும் வைரத்தைப் பார்ப்பார். நடுவில் இருப்பது கேம்பியம் முன்னே போட்ட பழைய கட்டை. அதில் தண்ணீர் ஓடுவது நின்று, பிசினும் மற்ற பொருள்களும் ஏறி இறுகியிருக்கும்.

பனையில் நேர் எதிர். ஓட்டு வீட்டுக்குப் பனங்கை அறுக்கும்போது வெளிவட்டத்தைத்தான் எடுப்பார்கள். நடு பஞ்சு மாதிரி, வீணாகும். அந்த நடுவைக் குடைந்து போட்டுவிட்டு, மிச்சத்தைத் தண்ணீர் ஓடும் தூம்பாகப் பயன்படுத்தியதும் உண்டு. காரணம், நார் சூழ்ந்த கற்றைகள் வெளி விளிம்பில் நெருக்கமாகவும் நடுவில் தூரம் தூரமாகவும் இருக்கின்றன. சிமென்டுக்குள் கம்பி வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கம்பியெல்லாம் ஓரத்தில். முற்றிய தென்னையின் அடியில், வெளி விளிம்புக் கட்டை ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் இருக்கும், நடுப்பகுதி 400 கிலோவுக்கும் கீழே. காற்றில் வளைகிற எந்தத் தூணுக்கும் பலம் வேண்டியது விளிம்பில்தான். மூங்கில் நடுவைக் காலியாகவே விட்டுவிட்டது.

தொல்காப்பியத்தின் மரபியலில் தாவரங்களை இரண்டாகப் பிரித்திருப்பது இந்த அடிப்படையில்தான். வெளியே காழ், அதாவது வைரம், உள்ளவை புல். உள்ளே காழ் உள்ளவை மரம். அதன்படி தெங்கும் பனையும் கமுகும் மூங்கிலும் புல்லில் சேரும். உறுப்புகளின் பெயர்களையும் அது பிரித்துச் சொல்கிறது. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை ஆகியவை புல்லுக்கு உரியவை. தளிர், சினை ஆகியவை மரத்துக்கு உரியவை. சினை என்றால் கிளை.

இதைத் திரும்பப் படித்தபோது மாமாவின் கேள்வி ஞாபகம் வந்தது. தளிரும் கிளையும் மரத்தின் சொற்கள். தென்னைக்கு நாம் பேச்சிலும் துளிர் என்று சொல்வதில்லை, குருத்து என்றுதான் சொல்கிறோம்.

உடனே "அந்தக் காலத்திலேயே நம்மவர்களுக்கு ஒருவித்திலை, இருவித்திலை எல்லாம் தெரியும்" என்று கிளம்பிவிடக் கூடாது. மரபியல் விதையை உடைத்துப் பார்த்துப் பிரிக்கவில்லை, காழை வைத்துப் பிரித்தது. முருங்கையை வெட்டிப் பாருங்கள், உள்ளேயும் வைரமில்லை, வெளியேயும் இல்லை. துளசியை எதில் சேர்ப்பது என்பதும் சிக்கல். ஆனால் ஒன்றைக் கவனித்தே ஆக வேண்டும். கிரேக்கத்தில் தியோபிராஸ்டஸ் தாவரங்களை மரம், புதர், குறும்புதர், பூண்டு என்று நான்காகப் பிரித்தார். அது பெரும்பாலும் உருவத்தை, அளவை வைத்த பிரிவு. மரபியல் உயரத்தைப் பார்த்து ஏமாறவில்லை. 60 அடித் தென்னையையும் முழங்கால் உயரப் புல்லையும் ஒரே பக்கம் நிறுத்தியது.

பருப்பும் நொய்யும்

விதையை வைத்துப் பிரிக்கும் முறையை 1682இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே எழுதினார். முளைக்கும் கருவில் எத்தனை வித்திலை? உளுந்தை உடைத்தால் இரண்டு பாதியாகப் பிளக்கும். ஒவ்வொரு பாதியும் ஒரு வித்திலை. கடலையும் துவரையும் புளியங்கொட்டையும் இப்படித்தான். அரிசியை அப்படிப் பிளக்க முடியாது, நொய்தான் மிஞ்சும்.

தென்னையின் ஒற்றை வித்திலையைப் பார்க்க வேண்டுமா? தெருவில் விற்கும் தேங்காய்ப்பூவை வாங்குங்கள். அது பூவே இல்லை. முளைவிடும் தேங்காய்க்குள் வித்திலை பஞ்சாக ஊதி, இளநீரையும் பருப்பையும் உறிஞ்சி முளைக்குக் கொடுக்கிறது. பனங்கொட்டையை வெட்டினால் கிடைக்கும் தவுணும் இதே உறுப்புதான், யாழ்ப்பாணத்தில் அதைப் பூரான் என்பார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு மூன்று என்பது ராசி எண். பூவின் உறுப்புகள் மூன்று மூன்றாக வரும். தென்னம்பூவில் புல்லிவட்டம் 3, அல்லிவட்டம் 3, மகரந்தத்தாள் 6, சூலகத்தின் அறைகள் 3. மூன்று அறைகளில் ஒன்று மட்டும்தான் தேங்காயாக முற்றும். ஆனால் மூன்றும் இருந்ததற்கு அடையாளமாகச் சிரட்டையில் மூன்று கண். அதில் மெல்லிய கண்ணுக்குப் பின்னால்தான் கரு இருக்கும். பனையில் மூன்றுமே தங்குவதால்தான் ஒரு காயில் மூன்று நுங்கு.

தாமரையும் அல்லியும்

பள்ளிக்கூடத்தில் படித்த பிரிவினையில் ஒரு பாதிக்குப் பிற்பாடு அடி விழுந்தது. மரபணுக்களை ஒப்பிட்டு 1998இல் ஏபிஜி என்ற தாவரவியலாளர் குழு பூக்கும் தாவரங்களின் புது வகைப்பாட்டை வெளியிட்டது. அதன் நான்காம் பதிப்பு 2016இல் வந்தது. ஒருவித்திலைத் தாவரங்கள் உண்மையிலேயே ஒரே மூதாதையின் வாரிசுகள் என்று உறுதியானது. ஆனால் இருவித்திலைத் தாவரங்கள் ஒரே குடும்பமல்ல. அல்லி மிகப் பழைய காலத்திலேயே தனியாகப் பிரிந்த கிளை. மிளகு, சீத்தா, இலவங்கப்பட்டை, செண்பகம் எல்லாம் இன்னொரு கிளை. வேம்பு, மா, புளி முதலான மிகப் பெரும்பான்மை வேறொரு கிளை.

தாமரை இந்தக் கடைசிக் கிளையில் வருகிறது. ஒரே குளத்தில் பக்கத்துப் பக்கத்தில் பூக்கும் தாமரையும் அல்லியும் உறவே இல்லை என்று சொல்லிவிடலாம். தாமரைக்கு நெருங்கிய சொந்தம், ஏற்காட்டிலும் நீலகிரியிலும் தோட்டங்களில் நிழலுக்கு நடும் சில்வர் ஓக் மரம்!

தென்னை விஷயத்தில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தென்னை ஒரு புல் என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். இன்றைய தாவரவியலில் புல் என்பது நெல், கரும்பு, மூங்கில் அடங்கிய ஒரு குடும்பத்தின் பெயர். தென்னையும் பனையும் வேறு குடும்பம். புல், தென்னை, வாழை, மஞ்சள் எல்லாம் ஒரே பெரிய கிளையின் பங்காளிகள். தென்னைக்கு மாமரத்தைவிட அருகம்புல் நெருங்கிய சொந்தம் என்று சொன்னால் சரி. தென்னையே புல் என்று சொல்வது தொல்காப்பியச் சொல்லுக்குப் பொருந்தும், பாடப்புத்தகச் சொல்லுக்குப் பொருந்தாது.

அப்படியானால் மரம் என்பது? அது ஒரு குடும்பமல்ல, வாழும் முறை. வெளிச்சத்துக்காக உயரமாகப் போகும் வேலையைப் பல குடும்பங்கள் தனித்தனியாகக் கற்றுக்கொண்டன. வேம்பு கேம்பியத்தை வைத்து அதைச் செய்தது, தென்னை கேம்பியம் இல்லாமலே செய்தது.

இது வெறும் ஏட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். கோவாவில் 1984ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து 2016இல் தென்னையை எடுத்துவிட்டார்கள், அனுமதி வாங்காமலே வெட்டலாம் என்றானது. பெரிய எதிர்ப்பு வந்து 2017இல் மறுபடி சேர்த்தார்கள். அதே 2017இல், 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் மரம் என்ற சொல்லுக்கான விளக்கத்திலிருந்து மூங்கிலை எடுத்தார்கள். அதில் விவசாயிக்கு நன்மை இருந்தது. காட்டுக்கு வெளியே தான் வளர்த்த மூங்கிலை வெட்டி விற்க இனி வன அனுமதி தேவையில்லை. இரண்டுமே மரம் என்ற ஒரு சொல்லுக்குள் எது வரும், எது வராது என்ற பிரச்சினைதான். தாவரவியலை மட்டும் வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது, எதைக் காக்க வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாமாவின் தோப்பு

துளிர்க்கும் என்று மாமா விட்டுவைத்த கம்பங்கள் துளிர்க்கவில்லை. நின்றபடியே மக்கின. மக்கும் தென்னைக்கட்டை காண்டாமிருக வண்டுக்கு முட்டையிட அருமையான இடம். ஆடியில் அவர் புதுப்பிள்ளைகள் நட்டார். அடுத்த வருஷம் பல பிள்ளைகளில் குருத்து விரியும்போதே விசிறி மாதிரிக் கத்தரித்து வந்தது. வண்டு, மடிந்திருந்த குருத்தைத் துளைத்துத் தின்றிருந்தது. சிலவற்றில் நுனிவரை போய்விட்டது. அவை பிழைக்கவில்லை.

இன்னொரு தவறும் நடந்தது. சாய்ந்து கிடந்தவற்றில் நான்கைந்து இளம் தென்னைகள் கொண்டை பசுமையாக இருந்தன. விழுந்தது விழுந்ததுதானே என்று எல்லாவற்றோடும் சேர்த்து அறுத்துவிட்டார்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடியிலிருந்து சல்லிவேர்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக வந்துகொண்டே இருக்கும். நுனி உயிரோடு இருந்தால், இளம் மரமாக இருந்தால், நிமிர்த்தி மண் அணைத்துப் பிழைக்கவைக்க வாய்ப்பு உண்டு. நிற்கிறது பிழைக்கும், விழுந்தது போயிற்று என்று கண் சொல்லும். தென்னை விஷயத்தில் கண்ணை நம்பக் கூடாது. தலையில்லாமல் நிற்பது செத்தது. குருத்தோடு விழுந்தது உயிரோடு இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து அழுகல் நாற்றம் அடித்தால் போய்விட்டது. இறுக்கமாக இருந்தால் நம்பிக்கை உண்டு.

போன வருஷம் போனபோது மாமாவிடம் இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். கம்பிக் கொக்கியால் வண்டு எடுக்கிறார். வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் 1:2 என்று கலந்து நடுமட்டைகளின் இடுக்கில் போடுகிறார். நான் சொல்லி அவர் செய்யவில்லை, ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தார்.

"அப்ப, இதுக்கு இருக்குறது ஒரு உசுரு. அது தலயில இருக்கு. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான் மாமா."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல மாப்ள? ஒருவித்து ரெண்டுவித்துன்னு என்னமோ சொன்ன."